சத்தம் வராத படிப்பு

எங்கள் வீட்டில் படிப்பு என்றால் காதில் விழ வேண்டும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. புத்தகம் தலைகீழாக இருந்தாலும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் என் குரல் ஓடுகிறதா நிற்கிறதா என்பது தெரியும். வைண்டிங் பட்டறை வேலை போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து மோட்டார் காயில்களுக்கு டேப் சுற்றிக்கொண்டே, உள்ளே நான் படிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். குரல் நின்றால் அவள் கையும் நிற்கும்.

"ஏங் கண்ணு, நின்னுபோச்சு?"

"தண்ணி குடிக்கறேனுங்மா."

"குடிச்சுப்போட்டு ஆரம்பி."

கோவை கணபதியில் நாங்கள் இருப்பது லைன் வீடு. நான்கு குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரே நீளமான கூரை. சந்தின் முனையில் லேத் பட்டறை. பக்கத்து வீட்டு மிக்சியும் எதிர்வீட்டு டிவியும் சேர்ந்து போடும் இரைச்சலுக்கு மேலே என் குரல் கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். நானும் கத்துவேன். தமிழ்ப் பாடத்தைக் கத்தினால் அம்மா நடுவில் புகுந்து அபிப்பிராயம் சொல்வாள். கணக்குப்பதிவியலுக்குச் சத்தமே கிடையாது என்பதால் அந்தப் பாடத்தின் மேல் அவளுக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. ஆங்கிலம்தான் அவளுக்குப் பிடித்த பாடம். ஒரு வார்த்தைகூடப் புரியாது என்பதால் அதில் ஒரு குறையும் இருக்க முடியாது.

பக்கத்து வீட்டு அக்கா ரவிக்கை தைப்பவர். மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். "ஏனுங், உங்க புள்ள இங்கிலீசு எடுத்தா என்ற ஊட்டு மிஷினு வெக்கப்பட்டு நின்னுபோகுதுங்க. அந்த வெசைக்கு இதால ஓட முடியலைங்க."

அம்மா நிமிர மாட்டாள். ஆனால் டேப் சுற்றும் வேகம் கொஞ்சம் கூடும்.

எனக்கு அதெல்லாம் பிடித்திருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்பா மூன்றாவது வரைக்கும் போனவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் போனதே என்னைச் சேர்க்கத்தான். அவர்களுக்கு முந்தியவர்கள் எல்லாம் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். அந்த வம்சத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்ற ஒன்றைத் தொட்ட முதல் ஆள் நான். வகுப்பில் எப்போதும் முதல் மூன்று பேருக்குள் இருந்தேன். திமிர் பிடித்தவள் என்று எனக்குப் பேர் உண்டு. அதை நான் மறுத்ததில்லை. கஷ்டப்பட்டுச் சம்பாதித்த திமிர்.

லைனில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ஆங்கிலத்தில் இருந்தால் முதலில் சத்தமாக ஒரு முறை வாசித்துக் காட்டுவேன். பிறகு தெரிந்த நாலு வார்த்தையைப் பிடித்து, மிச்சத்தை ஊகித்துச் சொல்வேன். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. மின்சார வாரியத்திலிருந்து வருவதும் காஸ் கம்பெனியிலிருந்து வருவதும் வேறு என்ன சொல்லிவிடப் போகின்றன?

அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பட்டறைகளிலிருந்து பம்ப்செட் பாகங்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பித்த வாரமே என்னைக் கூப்பிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். எங்கள் லைனில் முன்பு குடியிருந்த வீட்டுப் பையன் ஒரு பாடத்தில் தவறி, திரும்பத் திரும்பத் துணைத்தேர்வு எழுதி, வேலைக்கும் போகாமல் கல்லூரிக்கும் போகாமல் நின்றதை அவர் பார்த்திருந்தார்.

"ஒரே தடவ அம்மணி. எல்லாத்துலயும் தேறிட்டா எந்தக் காலேஜுன்னு சொல்லு, நானே கொண்டுபோய் உடறேன். ஒண்ணுல போனாலும் திரும்பக் கட்டி எழுதறதெல்லாம் வேண்டாம். வைண்டிங் பட்டறையில அம்மாகூட உக்காந்துக்க. அதுவும் மரியாதையான வேலைதான்."

"போகாதுங்ப்பா," என்றேன். ஏதோ நான் அவருக்குச் சலுகை காட்டுவது மாதிரிதான் சொன்னேன். அவ்வளவு நிச்சயம்.

பொங்கல் கழிந்து வந்த திருப்புதல் தேர்வில் அந்த நிச்சயம் போயிற்று. ஆங்கிலத் துணைப்பாடத்தில் ஒரு கதை இருந்தது. ஒரு தீவில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரைப் பற்றியது. அந்தக் கதைக்குக் கைடில் ஒரு நீண்ட பதில் உண்டு. கலங்கரை விளக்கக்காரரின் துன்பங்களை விவரி என்ற கேள்விக்கு எழுதப்பட்டது அது. மேற்கோள்கள், துணைத் தலைப்புகள், முடிவுரை எல்லாம் உள்ள பதில். அதை நான் ஒரு புள்ளி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வில் கேள்வியில் கலங்கரை விளக்கம் என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக ஓட ஆரம்பித்தது. கறுப்புப் பேனாவில் துணைத் தலைப்புகளுக்குக் கோடு போட்டு, இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லக் கூடாது. ஆனால் அது அழகாகத்தான் இருக்கும்.

விடைத்தாள் வந்தபோது அந்த இரண்டு பக்கத்தின் மேலும் ஒரு குறுக்குக் கோடு இருந்தது. அது மட்டுமில்லை, பார்க்காத பத்தியைக் கொடுத்துக் கேட்ட கேள்விகள், சொந்தமாக எழுதச் சொன்ன பகுதி, எல்லாவற்றிலும் சிவப்பு. நான் தேறவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாக.

ஆங்கில மிஸ் என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். அவர் ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருபவர். எப்போதும் அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்ட முகத்தோடு இருப்பார்.

"கேள்வி என்ன கேட்டிருக்கு, பாத்தியா?"

பார்த்தேன். கலங்கரை விளக்கக்காரரை ஊருக்கு அழைத்துப் போக வந்த படகில் அவர் ஏன் ஏறவில்லை என்று கேட்டிருந்தது.

"சரி, இங்கிலீஷ் வேண்டாம். தமிழ்லயே சொல்லு. படகு வந்துச்சு. அவர் ஏன் ஏறல?"

நான் பதிலின் முதல் வரியை ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தமிழ்ல."

எனக்குத் தெரியவில்லை. படகு வந்ததே எனக்குத் தெரியாது. அந்தப் படகு நான் மனப்பாடம் செய்த பதிலின் நடுவில் எங்கோ ஒரு வாக்கியத்தில் இருந்தது. அந்த வாக்கியத்தை எத்தனை நூறு முறை கத்தியிருப்பேன். அதில் ஒரு படகு வந்து நின்றது என் கண்ணில் பட்டதே இல்லை. முழுப் பதிலும் என்னிடம் இருந்தது. கதை என்னிடம் இல்லை.

மிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீ நல்லா வருவேன்னு கணக்குல வச்சிருந்தேன்," என்றார். "நேரம் இல்ல. மத்தியானத்துல இருந்து மெட்டீரியல் குரூப்ல உக்காரு. அதைப் படிச்சா பாஸ் நிச்சயம்."

மெட்டீரியல் குரூப் என்றால் மெல்லக் கற்போர். தேறுவது சந்தேகம் என்று பள்ளிக்கூடம் நினைப்பவர்களைத் தனியாகப் பிரித்து, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் புங்க மரத்தடியில் உட்காரவைப்பார்கள். ஜெராக்ஸ் எடுத்து பின் அடித்த மெல்லிசான ஒரு கட்டு கையில் கொடுப்பார்கள். தேறுவதற்கு வேண்டியது மட்டும் அதில் இருக்கும். இத்தனை வருஷமும் அந்த மரத்தைக் கடக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

என்னைப் பார்த்ததும் அங்கே ஒருத்தி எழுந்து நின்று கும்பிட்டாள். எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி இருப்பவள். எதற்கும் கவலைப்படாதவள்.

"வாங்க மேடம், வாங்க! முதல் ரேங்க்கு நம்ம மரத்தடிக்கே வந்திருச்சு பாருங்கடி! ஏனுங் அம்மணி, வழி தெரியாம வந்துட்டீங்களா, இல்ல எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்தேன். அவள் சிரித்து முடித்துவிட்டு, நல்ல மனதோடுதான், தன் உத்தியைச் சொல்லிக்கொடுத்தாள்.

"கேள்விய எல்லாம் முழுசாப் படிக்காதடி, குழம்பிருவ. ஒரு வார்த்தையப் பிடிச்சுக்க. அதுக்கு எந்தப் பதிலோ அதக் கொட்டிட்டு வந்துட்டே இரு."

எனக்கு முகம் சுட்டது. நான் செய்ததும் அதைத்தான். என் பதில் நீளம், அவள் பதில் குட்டை. அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த வித்தியாசம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் கைடை எடுக்கவில்லை, ஜெராக்ஸ் கட்டையும் எடுக்கவில்லை. பாடப்புத்தகத்தில் அந்தக் கதை இருந்த பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பக்கங்கள் மட்டும் புதுசாக, ஒட்டிக்கொண்டு இருந்தன. பென்சிலை எடுத்து, தெரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் போனில் அர்த்தம் தேடி, வார்த்தையின் தலைமேல் தமிழில் எழுதினேன். முதல் பத்தி முடிவதற்குள் அந்தி சாய்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பத்தியை முதலிலிருந்து மறுபடி பார்த்தபோது, அலை வந்து பாறையில் அடித்தது, ஒருவர் மாடிப்படியில் எண்ணெய் டப்பாவோடு ஏறினார். நான் பார்த்தேன். இத்தனை நாளும் எனக்குக் கதவைக் காட்டினார்களே தவிர, அதைத் திறக்கச் சொன்னவர் யாரும் இல்லை போலிருந்தது.

அதில் ஒரு சத்தமும் வரவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அம்மாவுக்கு உறைத்தது. முதல் நாள் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். இரண்டாம் நாள், "தொண்ட சரியில்லையா சாமி? சுக்குத் தண்ணி வெக்கட்டுமா?" என்றாள். மூன்றாம் நாள் அவள் பார்த்தது இதுதான்: மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கையில் போன். உதடு அசையவில்லை. நடுநடுவே தனக்குத் தானே சிரிக்கிறாள்.

"என்ன பண்றே?"

"படிக்கறேனுங்மா."

"சத்தத்தையே காணோம்?"

"மனசுக்குள்ள படிக்கறேன்."

"மனசுக்குள்ள படிச்சா யாருக்குத் தெரியும்?" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டு அக்காவும் கவனித்துவிட்டார். குரல் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசுவது லைன் முழுக்கக் கேட்கும். "நானாச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. வயசுப் புள்ள. பரீச்ச நேரம். கையில போனு. வாயில சத்தமில்ல. என்ற அண்ணன் மகளும் இப்படித்தானுங்க, ஆரம்பத்துல மனசுக்குள்ளதான் படிச்சா."

அந்த அண்ணன் மகள் கடைசியில் யாரோடு ஓடிப்போனாள் என்று எல்லோருக்கும் தெரியும். சாயந்திரம் அப்பா வந்ததும் போன் என் கையிலிருந்து அவர் சட்டைப்பைக்குப் போயிற்று. அப்பா கோபப்படக்கூட இல்லை. "பரீச்ச முடியட்டும் அம்மணி," என்றார். எதற்காக அதை வைத்திருந்தேன் என்று நான் விளக்கியிருக்கலாம். விளக்க வேண்டுமென்றால் திருப்புதல் தேர்வைச் சொல்ல வேண்டும், மரத்தடியைச் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாகப் பள்ளி நூலகத்திலிருந்து அட்டை போன ஓர் அகராதியை எடுத்து வந்தேன்.

அதிலிருந்து வேலை இன்னும் மெதுவாகிவிட்டது. ஒரு வார்த்தையைத் தேடப் போய் அதற்குப் பக்கத்தில் இருக்கும் வார்த்தைகளில் மாட்டிக்கொள்வேன். வாசலில் அம்மாவின் கை நின்று நின்று போவது எனக்குத் தெரியும். கேட்கக் குரல் இல்லாமல் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றாள்.

"ஒரு பக்கம் சத்தமாப் படி. கேக்கறேன்."

"இப்ப வேண்டாங்மா."

"படின்னா படி. ஒங்கப்பன் ஒரே தடவன்னு சொல்லியிருக்கறாரு. நெனப்பிருக்குதா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. எழுந்து நின்று, கலங்கரை விளக்கத்துப் பதிலை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். லைன் முழுக்கக் கேட்கும்படிதான். தையல் மிஷின் நின்றது. அம்மாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. முடித்ததும் சொன்னேன்:

"இதுதான் வேணுமா? இதுல ஒரு வரிக்குக்கூட எனக்கு அர்த்தம் தெரியாதுங்க. இத்தன வருசமும் சும்மா கத்திட்டு இருந்தேன். பள்ளிக்கூடத்துல என்னைத் தேற மாட்டாதவங்ககூட உக்கார வெச்சிருக்கறாங்க."



"எனக்குத்தான் தெரியாது," என்றாள் அம்மா. "உனக்குமா தெரியாது?"

அவ்வளவுதான் கேட்டாள். அன்று மத்தியானம் காயில்களை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அடுத்தடுத்த நாட்களும் அங்கேதான் வேலை. அவள் டேப் இழுக்கும் சத்தம்கூட இப்போது எங்கள் வாசலில் இல்லை. வேண்டிய அமைதி எனக்குக் கிடைத்துவிட்டது. அதில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. அம்மா அப்பாவிடம் சொல்லியிருப்பாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. அது இன்னும் கனமாக இருந்தது.

திரும்பி வந்தது அவள்தான். ஒரு சாயந்திரம் டேப்பும் காயிலுமாக எங்கள் படியில் வந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"இப்ப அர்த்தம் தெரியுதா?"

"கொஞ்சம் தெரியுதுங்மா."

"என்னதான் கதை அது? சொல்லு, பாக்கலாம்."

சொன்னேன். தீவு, விளக்கு, வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு அழைத்துப் போக வரும் படகு. மகளுக்குக் கல்யாணம். அதற்குப் போகத்தான் படகு வந்திருக்கிறது. ஆனால் அவருக்குப் பதிலாக விளக்கைப் பார்க்க வேண்டிய ஆள் படகில் வரவில்லை. கடலில் மீன் பிடிக்கப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. அவர் படகை அனுப்பிவிட்டு விளக்கை ஏற்றப் போகிறார்.

அம்மாவுக்கு ஒப்பவில்லை. "பெத்த பொண்ணு கல்யாணத்த உட்டுப்போட்டு என்ன பெரிய வெளக்கு?"

"வெளக்கு இல்லைன்னா அவங்கெல்லாம் பாறையில மோதிருவாங்களேங்மா."

"அத கவருமெண்டு பாத்துக்கும். அந்தப் புள்ள மணையில உக்காந்துட்டு அப்பன் எங்க அப்பன் எங்கன்னு பாத்திருக்காதா? அதப் பத்தி எழுதியிருக்கறானா?"

"இல்லீங்மா."

"எழுத மாட்டான்." டேப்பை இழுத்து முடிச்சுப் போட்டாள். "இந்தக் கதைக்கா நீ இத்தன மாசம் அந்தக் கத்துக் கத்துனே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, ஆனால் அவள் அதை முடிக்கவில்லை. "கதை இப்ப எனக்கே தெரிஞ்சுபோச்சு. பரீச்சையில தமிழ்ல எழுத உடுவாங்களா?"

"உட மாட்டாங்க."

"அப்பறம்?"

அகராதியை மறுபடி திறந்தேன்.

அவள் நிம்மதிக்காக, காலையில் கொஞ்ச நேரம் ஜெராக்ஸ் கட்டைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. ஒரு பக்கம் அதுவும் கிடக்கட்டும் என்று நினைத்தேன். அங்கேதான் யாரும் எனக்குச் சொல்லாத ஒரு சிக்கல். அர்த்தம் புரிய ஆரம்பித்ததும் மனப்பாடம் விட்டுப்போனது. முன்பெல்லாம் ஒரு சொல் அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வரும். இப்போது ஒவ்வொரு சொல்லும் நின்று என்னைப் பார்த்தது. இது ஏன் இங்கே இருக்கிறது என்று யோசித்தால் போதும், அடுத்த வரி மறந்துவிடும். கொட்டவும் முடியவில்லை, சொந்தமாகச் சேர்த்து எழுதவும் வரவில்லை. நானாக எழுதிய வாக்கியங்கள் நொண்டின. வெளியிலிருந்து அம்மா, "நேத்து இந்த எடத்துல நிக்காமப் போனியே?" என்பாள். மார்ச் வந்துவிட்டது.

தேர்வு நாளன்று அப்பா லோடு எடுக்காமல் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். வினாத்தாளைப் படிக்கக் கொடுக்கும் சில நிமிடங்களில் எல்லோரும் உதட்டை அசைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மறப்பதற்குள் பதிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முணுமுணுப்பு அது. நான் கேள்விகளைப் படித்தேன். புரிந்தது. ஒன்றிரண்டைத் தவிர எல்லாக் கேள்வியும் புரிந்தது. அந்தச் சந்தோஷம் பேனாவைத் திறக்கும் வரைக்கும்தான் இருந்தது.

நெடுவினாவில் நான் எழுதியது ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் அதிகம். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். மேற்கோள் இல்லை, துணைத் தலைப்பு இல்லை. அடித்து அடித்து எழுதியதில் என் கையெழுத்தே எனக்கு அந்நியமாக இருந்தது. முன் பெஞ்சில் ஒருத்தி கூடுதல் தாள் கேட்டு எழுந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி. கூடுதல் தாளை நூலால் கட்டும் சத்தமும் புரட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. எனக்குக் கூடுதல் தாள் தேவைப்படவில்லை. மணியடித்தபோது கொடுத்த தாளிலேயே வெற்றுப் பக்கங்கள் மிச்சம் இருந்தன. அவற்றின் குறுக்கே கோடு போட்டுக் கொடுத்தேன்.

வெளியே மரத்தடிக்காரிகள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியே வந்துச்சுடி! மெட்டீரியல்ல இருந்தது அப்படியே! ஒரு வரி மாறல!"

உண்மைதான். மிஸ் கொடுத்த ஜெராக்ஸ் தாள்களிலிருந்து பாதிக்கு மேல் வந்திருந்தது. அதைச் சரியாக மனப்பாடம் செய்து கொட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தேறியிருக்கலாம். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நொண்டியிருந்தேன். மிஸ் ஸ்கூட்டரை நிறுத்தி, "எல்லாம் ஈஸிதானே?" என்றார். தலையாட்டினேன். அப்பா கேட்டபோதும் தலையாட்டினேன். அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள்.

தேர்வுகள் முடிந்ததும், சும்மா வீட்டில் எதற்கு என்று அப்பா என்னையும் வைண்டிங் பட்டறைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரைக்கும்தான் என்றார். அந்த வெயில் மாதங்கள் முழுக்க, தேறாவிட்டால் எங்கே உட்கார வேண்டுமோ அங்கேயே உட்கார்ந்து முடிவுக்குக் காத்திருந்தேன். வேலை கஷ்டமில்லை. கை பழகிவிட்டது. பழகியதுதான் பயமாக இருந்தது. பட்டறைப் பெண்களுக்கு நான் ஒரு வேடிக்கை. "பன்னெண்டாவது படிச்ச காயிலுங்க இது, கரண்டு எச்சா இழுக்கும்," என்று ஒருவர் என் காயிலைத் தனியாக எடுத்து வைப்பார். நானும் சிரிப்பேன். ராத்திரி படுக்கும்போது, எழுதிய வாக்கியங்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தித் தப்பு கண்டுபிடிப்பேன். புதுப்புதுத் தப்பாக அகப்பட்டுக்கொண்டே இருந்தது.

முடிவு வந்த அன்று குறுஞ்செய்தி அப்பாவின் போனுக்குத்தான் வந்தது. அவர் லோடு இறக்கப் போன இடத்திலிருந்து நேராகப் பட்டறைக்கு ஆட்டோவைத் திருப்பிவிட்டார். போனை என்னிடம் நீட்டினார். அவருக்கு எண்கள் தெரியும். ஆனால் எந்த எண் எந்தப் பாடம் என்று தெரியாது.

எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண். தமிழில் நல்ல மதிப்பெண். எல்லாவற்றையும்விடக் கீழே ஆங்கிலம், கோட்டைத் தாண்டி இரண்டடி வைத்தது மாதிரி.

"பாஸாங் கண்ணு?" என்றாள் அம்மா.

"பாஸுங்மா."

பட்டறையில் ஒரே கூச்சல். யாரோ சாக்லேட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அதற்குள் இன்னொரு செய்தியும் வந்து சேர்ந்தது. இரண்டு சந்து தள்ளி இருக்கும் அந்த மரத்தடிக்காரி ஆங்கிலத்தில் என்னைவிட எவ்வளவோ அதிகம். டேப் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டே விட்டார்: "ஏம்மா, நீதான் பெரிய படிப்பாளின்னாங்க, அந்தப் புள்ள உன்னவிட எச்சாவாமா?"

அம்மாதான் சொன்னாள்: "அந்தப் புள்ள நல்லாக் கத்திப் படிச்சிருக்குமுங்க."

அவள் அதை எனக்காகச் சொன்னாளா, என்னைக் குத்திச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் போனபோது மிஸ், "அந்த மெட்டீரியலை ஒழுங்காப் படிச்சிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கதையில் அவர் ஏன் படகில் ஏறவில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும் என்று சொல்லத் தோன்றியது. அடுத்த வருஷப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வந்துவிட்டேன்.

அப்பா வாக்கு மாறவில்லை. கல்லூரியில் சேர விண்ணப்பிக்கப் போன அன்று லோடு ஆட்டோவின் முன் சீட்டைத் துடைத்து, மேலே ஒரு துண்டை விரித்து என்னை உட்கார வைத்தார். சத்தி ரோட்டில் வண்டி நெருக்கடியில் ஊர்ந்தது. அப்பா திடீரென்று கேட்டார்.

"அங்க எல்லாப் பாடமும் இங்கிலீசுலதான் நடத்துவாங்களாமா?"

"ஆமாங்ப்பா. பி.காம். இங்கிலீஷ் மீடியந்தானுங்க."

"உனக்குப் புரியுமா?"

படித்தாயா, முடித்தாயா, தேறுவாயா என்று எங்கள் வீட்டில் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அம்மா ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முன்னால் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் புரியுமுங்க. புரியாதத கேட்டுக்குவேன்."

"கேட்டுக்க," என்றார். "கேக்கறதுக்கு வெக்கப்படாத."

சரி என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அங்கே யாரிடம் போய், எந்த மொழியில் கேட்பது என்பது எனக்குத் தெரியவில்லை. கேள்வியை ஆங்கிலத்தில் சேர்த்துப் பார்த்தேன். முதல் வாக்கியம் சரியாக வந்த மாதிரி இருந்தது. இரண்டாவதைச் சேர்ப்பதற்குள் சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.